வீட்டு மணியும் பஸ் மணியும்

மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. சென்னையில் ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் அது எங்கே மக்கர் பண்ணும் என்று இவள் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் என் சொந்த லேப்டாப்பிடம் மட்டும் எடுபடவில்லை.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது நான் ஊருக்கு வந்தேன். நரிக்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவில், கண்மாயைத் தாண்டி உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. டயாலிசிஸுக்கு அருப்புக்கோட்டை போக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. அம்மாவுக்கு மூட்டுவலி, பஸ்ஸில் ஏற அவளையே ஒருவர் தூக்கிவிட வேண்டும். அண்ணன் வளைகுடாவில் இருக்கிறான். வீடியோவில் வந்து அப்பாவைத் தண்ணீர் குறைத்துக் குடிக்கும்படி ரொம்ப அக்கறையாகச் சொல்வான். மிச்சம் இருந்தது நான்தான். கல்யாணம் பண்ணாமல் இருக்கிறாளே என்று அதுவரை என்னை ஏசிய ஊர், நல்லவேளை இவள் கல்யாணம் பண்ணவில்லை என்று அப்போது பேசியது.

வீட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனம் லேசில் சம்மதிக்கவில்லை. எங்கள் டீம் லீடர் நல்ல மனிதர்தான், ஆனால் கண்ணில் படாத ஆளை நம்பத் தெரியாதவர். டயாலிசிஸ் நாளில் போகும் நேரத்தை ராத்திரியில் ஈடுகட்ட வேண்டும், வேலை ஒரு தடவை தடைபட்டாலும் சென்னைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார். அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போய்விடலாம் என்று நானும் பேசிப் பார்த்தேன். அவர் கோபப்படவே இல்லை.

"நீ போறதுன்னா போத்தா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டிக்கிறேன்" என்றார்.

சொன்னால் செய்கிற ஆள். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே அந்த வீட்டில், அந்த ஜன்னலோரத்தில், என் லேப்டாப் தினமும் அலுவலகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வேறு வழி கிடையாது.

அலுவலகம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, வேலைக்கென்று தனி டிரைவ், அதாவது தனிச் சேமிப்பகம் வேண்டும், அதில் லினக்ஸ் இயங்குதளம் இருக்க வேண்டும், வீட்டுச் சமாசாரம் எதுவும் அதில் கலக்கக் கூடாது என்பது. லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த எஸ்.எஸ்.டி. டிரைவில் விண்டோஸ் இருந்தது. அப்பாவின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில்தான். இரண்டாவது எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி, அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து உள்ளே மாட்டச் சொன்னேன். சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். அன்று அப்பாவுக்கு டயாலிசிஸ், பக்கத்தில் நின்று பார்க்க நேரமில்லை. மாட்டி வாங்கி வந்து, லினக்ஸை நானே நிறுவினேன். அதன் பிறகு லேப்டாப்பைப் போட்டால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். மேலே லினக்ஸ் என்று ஒரு வரி, கீழே விண்டோஸ் என்று ஒரு வரி. அம்புக்குறியை நகர்த்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அப்பா அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். சாயங்காலம் என் வேலை முடிந்ததும், கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டு, விண்டோஸுக்குள் போய்ப் பழைய நாடகப் பதிவுகளைப் பார்ப்பார். மேல் வரியை ஒன் வீடு என்பார், கீழ் வரியை என் வீடு என்பார். உன் வீட்டுக்குள்ளே நான் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று கேலியும் பேசுவார்.

முதல் வாரமே அவர்தான் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார். சாயங்காலம் விண்டோஸைத் திறந்தால் மணி மத்தியானத்திலேயே நின்றது. "ஒன் பெட்டிக்கு மணி பாக்கத் தெரியலயே" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். இரண்டு இயங்குதளங்களை ஒரே லேப்டாப்பில் வைப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை இதில் முட்டிக்கொள்வார்கள். லேப்டாப்பின் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு ஐந்தரை மணி நேரம் அடிபடும்.

எனக்கு இது தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமைதான். இனிமேல் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் சொன்னேன். இரண்டும் மாறி மாறி நேரத்தைத் திருத்துவதால்தான் இந்தக் குழப்பம் என்று, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை இரண்டு பக்கமும் அணைத்தும் வைத்தேன். கடிகாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த வீட்டில் கடிகாரத்தில் கை வைப்பதற்கென்றே ஓர் ஆள் கட்டிலில் படுத்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கடிகாரங்கள் பத்து நிமிடம் முன்னால் ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். காலையில் வருகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது வெயில் ஏறியபின்தான் வரும்; மிளகாய் மூட்டையோடு டவுனுக்குப் போகிறவனுக்கு அன்றைய பொழுது போச்சு. அதனால் கடிகாரத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள். சுவரில் இருப்பது வீட்டு மணி, ரோட்டில் வருவது பஸ் மணி. பிறந்ததிலிருந்து இதற்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கணக்காகவே தோன்றாது. பெரிய முள் எங்கே வந்தால் அம்மா சோற்றைக் கட்ட வேண்டும், எங்கே வந்தால் செருப்பை மாட்ட வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்த காலத்திலிருந்து, பேட்டரி மாற்றும் இந்தக் காலம் வரை அந்த வேலை அப்பாவுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். கரண்ட் போய் வந்து, சிக்னல் தேடி, உள்ளே நுழைவதற்குள் எல்லாரும் கூடியிருந்தார்கள். உங்கள் ஊரில் நேரம் என்று ஒன்றே கிடையாதா என்று டீம் லீடர் எல்லார் முன்னாலும் கேட்டார். ஸ்பீக்கரில் அது வீடு முழுக்கக் கேட்டது. அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைய முடியவில்லை.

உள்ளே போக இரண்டு திறவுகோல் உண்டு. ஒன்று கடவுச்சொல், இன்னொன்று லேப்டாப்பில் உள்ள ஒரு சின்னச் செயலி காட்டும் ஆறு இலக்க எண். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண் மாறும். அன்று நான் எந்த எண்ணைப் போட்டாலும் செல்லாது என்று வந்தது. மற்றபடி எல்லாம் ஓடியது. இணையம் கிடைத்தது, மின்னஞ்சல் திறந்தது, செய்தி படிக்க முடிந்தது. அலுவலகக் கதவு மட்டும் திறக்கவில்லை.

சென்னையில் உதவிப் பிரிவில் இருந்த ஒருவரைப் போனில் பிடித்தேன். போன் ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தால்தான் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்கும். அது அங்கே நிற்க, நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து உரக்கப் பேசினேன். அவர் வரிசையாகக் கேள்வி கேட்டார். முதல் கேள்வியே லேப்டாப்பில் மணி சரியாக இருக்கிறதா என்பதுதான். நான் திரையின் மூலையைப் பார்த்தேன். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மணி.

"சரியா இருக்கு" என்றேன்.

அதோடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. அவரும் திரும்பக் கேட்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு டிரைவும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது போலிருக்கிறது, இயந்திரத்தைப் பாருங்கள் மேடம் என்றார். பழைய எண் பதிவை அழித்துப் புதிதாகப் பதிந்து கொடுத்தார். அதுவும் செல்லவில்லை. சாயங்காலம் டீம் லீடரே கூப்பிட்டார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வாடிக்கையாளருக்கான கடைசிச் சோதனை இருந்தது, அதை நடத்த வேண்டியவள் நான். அதற்கு நீங்கள் உள்ளே இல்லையென்றால் அடுத்த திங்கள் சென்னையில் உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அம்மா அடுப்படியிலிருந்து என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று நான் பொத்திப் பொத்திப் பேசியது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு, எஸ்.எஸ்.டி. மாட்டித் தந்த கடைக்கு நடந்தேன். லேப்டாப்பின் முதுகைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. புது டிரைவின் நுனியைப் பிடிக்க வேண்டிய சின்னத் திருகாணி அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. லேப்டாப்பின் சூட்டில் அதுவும் இளகிப் போய் டிரைவ் லேசாக மேலே எழும்பி நின்றது. கடைக்காரர் திருகாணி தீர்ந்துபோனதால் அப்படி வைத்தேன் என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையில் செல்போன் உறை வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் வேறொரு பழைய லேப்டாப்பிலிருந்து திருகாணியைக் கழற்றி எனக்குப் போட்டுக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் கறுப்புத் திரையே வரவில்லை. நேராக விண்டோஸுக்குள் போய் நின்றது. கடையில் கழற்றி மாட்டியதில் லேப்டாப்புக்கு இரண்டாவது டிரைவ் இருப்பதே மறந்துபோயிருந்தது. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்த் தேடினேன். அங்கே ஒரு டிரைவின் பெயர்தான் இருந்தது. என் வேலை, என் குறிப்புகள், வியாழக்கிழமைக்குத் தயார் செய்து வைத்த எல்லாம் அந்தப் பட்டைக்குள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்னத் திருப்புளியை எடுத்து நானே முதுகைத் திறந்தேன். டிரைவை உருவி, முனையைத் துணியால் துடைத்து, மறுபடி செருகி அழுத்தினேன். மூன்றாவது முறை பெயர் வந்தது. துவக்க வரிசையில் அதை மேலே ஏற்றியதும் கறுப்புத் திரையும் திரும்ப வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்து ஆறு இலக்க எண்ணைப் போட்டேன்.

செல்லாது.

புதன்கிழமை முழுவதும் அப்படியே போயிற்று. டிரைவின் ஆரோக்கியத்தைச் சோதிக்கும் நிரலை ஓட்டினேன். குறை ஒன்றும் இல்லை என்றது. செயலியை அழித்து மறுபடி நிறுவினேன். இணைய இணைப்பை மாற்றினேன். லினக்ஸையே அழித்துவிட்டுத் திரும்ப நிறுவலாமா என்று விரல் வரை வந்தது. வியாழக்கிழமைக்கான வேலை அதில் இருந்ததால் நிறுத்தினேன். நடுவில் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. இன்னொன்று வைத்தாள், அதுவும் ஆறியது. அப்பா ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"வேலை போயிருமாத்தா?"

"போகாது. நீங்க படுங்க" என்றேன்.

அவர் கை நரம்பு ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்தது. அதை இன்னொரு கையால் தடவிக்கொண்டு படுத்தார். நான் சென்னைக்குப் போனால் இந்தக் கைக்கு ஊசி குத்த ஆள் இருக்கும், கூட்டிப்போக ஆள் இருக்காது என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. அழுகை வருவதற்குப் பதிலாக எனக்குக் கோபம்தான் வரும். கோபம் வந்தால் கண்ணில் படுகிற ஆள் மேல் விழும்.

வியாழக்கிழமை லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும், அங்கே கடைசியாக ஒரு முயற்சி. அப்பாவை எடை பார்த்து, கட்டிலில் படுக்கவைத்து, இயந்திரத்தோடு இணைத்தார்கள். நர்ஸம்மாவிடம் நிலைமையைச் சொல்லிக் கெஞ்சியதில், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார விட்டார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன். ஓர் எண் போட்டேன், செல்லாது. அடுத்த எண், செல்லாது. உதவிப் பிரிவுக்காரருக்குப் போன் செய்தேன், வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பதினோரு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. டீம் லீடருக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்தேன்.

அப்பா தலையைத் திருப்பி என் திரையைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்க கடியாரம் பின்னாடி ஓடுது, பாத்தியா" என்றார். "ஒன் பெட்டிதான் சரியா ஓடுது."

நான் நிமிர்ந்தேன். ஆஸ்பத்திரிக் கடிகாரம் இன்னும் பதினோரு மணியைத் தொடவில்லை. என் லேப்டாப்பில் பதினொன்று தாண்டியிருந்தது. டயாலிசிஸ் இயந்திரத்தின் சின்னத் திரையில் இருந்த மணியைப் பார்த்தேன், பையில் இருந்த போனை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரு பக்கம் நின்றன, என் லேப்டாப் தனியாக நின்றது.

"யாருப்பா இதுல மணிய மாத்துனது?"

"நான்தான்" என்றார் அவர். முகத்தில் ஒரு சந்தோஷம். "அன்னைக்கு அந்தாளு ஒன்னய வஞ்சான்ல. வீட்டு மணிய வெச்சுட்டா நீ முன்னக்கூட்டியே போயி உக்காந்துருவன்னு வெச்சேன். என் வீட்டுக்குள்ள இருந்துதான் மாத்துனேன், ஒன் வீட்டத் தொடல."

அவர் வீட்டில் மாற்றினால் என் வீட்டிலும் மாறும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கடிகாரம். தானாகச் சரிசெய்வதையும் நான்தான் அணைத்து வைத்திருந்தேன். ஆறு இலக்க எண் நேரத்தை வைத்துப் பிறக்கிறது. என் லேப்டாப்பும் அலுவலகமும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே எண் வரும். நான்கு நாளாக, பத்து நிமிடம் கழித்து வர வேண்டிய எண்ணை நான் முன்கூட்டியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேச நேரமில்லை. நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் பொத்தானைத் திரும்ப இயக்கினேன். மூலையில் மணி பின்னால் குதித்தது. புது எண் வந்தது. அடித்தேன். கதவு திறந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உள்ளே போனபோது, டீம் லீடர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னார். இருக்கிறேன் என்றேன்.

சோதனை நல்லபடியாக முடிந்தது. உங்கள் பக்கம் இப்போது பரவாயில்லை போலிருக்கிறது, அப்படியே தொடருங்கள் என்று டீம் லீடர் சொன்னார். அங்கேயே நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான்கு நாள் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாப் போச்சா என்று அப்பா கேட்டார்.

"சரியாப் போச்சு. நாலு நாளா செத்துப் பொழச்சேன்" என்றேன். "பொய் மணிய வெச்சுக்கிட்டு நம்மள நாமளே ஏமாத்திக்கிட்டுத் திரியிறோம். இனி என் பெட்டியத் தொடாதீக."

பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலால் செருப்பைத் தேடினார். பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். திருச்சுழி தாண்டும் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. பெரிய முள் வர வேண்டிய இடத்துக்கு வந்ததும் அம்மா சோற்றைக் கட்டினாள், நான் பையை எடுத்தேன், அப்பா செருப்பை மாட்டினார். கண்மாய்க் கரையில் மெதுவாக நடந்தோம். இரண்டு நாள் தேங்கிய நீர் அவர் காலில் இறங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. நடுநடுவே நின்றார். கரையின் முடிவுக்கு வந்தபோது தூரத்தில் புழுதி தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒருத்தரும் இல்லை. போய்விட்டது.

எனக்குப் புரியவில்லை. இன்று முன்னாலேயே வந்துவிட்டானா என்று போனை எடுத்துப் பார்த்தேன். பஸ் அதன் நேரத்துக்குத்தான் வந்து போயிருந்தது. நாங்கள்தான் பிந்தியிருந்தோம். எப்படிப் பிந்தினோம் என்று கேட்டேன். அப்பா மைல் கல்லில் கையூன்றி நின்றார்.

"வீட்டுல எல்லாத்தையும் பஸ்ஸு மணிக்கு மாத்திட்டேன்" என்றார். "ஒங்கம்மாவ இறக்கித் தரச் சொல்லி மாத்துனேன். நீதான பொய் மணின்ன. செல்போனப் பாத்து நீயே கெளப்பிருவன்னு நெனச்சேன்."

அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தையும் பார்த்தேன். அதையும் மாற்றியிருந்தார். எனக்குத் தெரிந்து அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது அன்றுதான். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நின்று வருந்தவும் பொழுதில்லை. அவருடைய உதடு வெளுத்திருந்தது. அடுத்த பஸ் வரும் வரை காத்திருந்தால் டயாலிசிஸ் மையத்தில் அவர் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது.

ரோட்டின் நடுவிலேயே போய் நின்றேன். ஒரு பைக் நிற்காமல் போனது. ஒரு தண்ணீர் லாரி ஒதுங்கிப் போனது. பிறகு வீரசோழன் சந்தையில் ஆட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த லோடு ஆட்டோ ஒன்று வந்தது. ஓட்டுநர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன் கதவைத் திறந்துவிட்டார். நான் பின்னால் புழுக்கை வாடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி வழியாக அவர் தலை தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. நிமிராமல் போய்விடுமோ என்று வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மையத்தில் அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸம்மா என்னைத் திட்டினார், திட்டு வாங்கிக்கொண்டேன். ஆக்ஸிஜன் வைத்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மத்தியானம் ஒரு கட்டில் ஒழிந்தது. இயந்திரம் ஓட ஆரம்பித்துப் பாதி நேரம் ஆனபின் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பஸ்ஸு போச்சுன்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லாத என்றார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் லேப்டாப்பை எடுத்தேன். என் பக்கம் நேரத்தை இணையத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் கடிகாரத்தில் எழுதவோ அதைத் திருத்தவோ கூடாது என்று லினக்ஸில் மாற்றி வைத்தேன். உள்ளே இருக்கும் கடிகாரத்தில் வீட்டு மணியை வைத்தேன். இனி அவர் கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய மணி வரும், நான் மேல் வரியைத் தேர்ந்தெடுத்தால் அலுவலகத்தின் மணி வரும். இரண்டு டிரைவும் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கட்டும்.

பிறகு நாற்காலியைப் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். அதன் முதுகில் இருந்த குமிழைத் திருகி முள்ளை முன்னால் தள்ளினேன். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு வெச்ச?" என்றார்.

"பழையபடிதான். பத்து நிமிசம்."

போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்தார். வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை.

"இன்னொரு அஞ்சு நிமிசம் சேத்து வையித்தா" என்றார். "முன்ன மாதிரி எனக்கு நடக்க ஏலல."

சேர்த்து வைத்தேன்.